ஐசியா, என்சியா? தில்லியிலிருந்து நேபாளத்துக்கு, பஸ் பஸ்ஸாக

மார்ச் 1, 2025, சனி. கரோல் பாக்

ஏப்ரல் மலையேற்றத்துக்குப் பை கட்டுகிற நம்மவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, டூரிஸ்ட் பஸ்ஸா, லோக்கல் பஸ்ஸா?" கேள்வியே கொஞ்சம் கோணல். பஸ்ஸை வைத்து முடிவெடுத்தால் தப்பாகத்தான் போகும். எந்தச் சாலை, எத்தனை மணி நேரம், பகலா ராத்திரியா, பை எங்கே போகும் என்று பார்க்க வேண்டும். தில்லியில் கிளம்பி எல்லை ஊரான சுனௌலி, போக்ரா, காத்மண்டு, லாங்டாங் மலையேற்றம் தொடங்கும் சியாப்ருபேசி என்று போகிறவருக்கு ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வேறு பதில். துண்டு துண்டாகவே எழுதி வைக்கிறோம்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் துண்டு: தில்லியிலிருந்து எல்லை வரை.

நேரடி பஸ் உண்டு. 2014 நவம்பரில் தில்லி போக்குவரத்துக் கழகம் (டிடிசி) தொடங்கிய காத்மண்டு பஸ் அம்பேத்கர் ஸ்டேடியம் நிலையத்திலிருந்து கிளம்புகிறது. தனியார் வண்டிகளும் ஓடுகின்றன. ஏசி, சாயும் சீட், எல்லாம் சரி. ஆனால் சுமார் 30 மணி நேரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் இரண்டாம் நாள் கணுக்கால் வீங்கிவிடும், ஷூ நாடா கட்ட வராது. போன மறுநாளே மலை ஏறப் போகிறவருக்கு இது ஆகாது.

எங்கள் ஓட்டு ரயிலுக்கு. ராத்திரி வண்டியில் படுத்துக்கொண்டு கோரக்பூர் போய், ஸ்டேஷனுக்கு வெளியே உத்தரப் பிரதேச ரோட்வேஸ் பஸ்ஸில் ஏறினால் சுனௌலி சுமார் 100 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். சமதளம், பகல், குறைந்த தூரம்: சாதா பஸ்ஸுக்கென்றே அமைந்த சாலை. பக்கத்திலேயே ஷேர் ஜீப்காரர்கள் கூவுவார்கள். ஏழு பேர் வண்டியில் பத்துப் பேர் சேரும்வரை அது நகராது.

2025-இல் ஹோலி மார்ச் 14. அதற்கு முந்தைய வாரம் ஆனந்த் விஹாரில் கிழக்கே போகிற ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 120 நாள் என்ற பழைய கணக்கை மறந்துவிடுங்கள்.

மார்ச் 3, திங்கள்

சுனௌலியில் எல்லையை நடந்தே தாண்டலாம். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இங்கே மூன்று இடங்களில் சறுக்குவார்கள்.

ஒன்று, இந்தியப் பக்கத்திலேயே "அந்தப் பக்கம் டீலக்ஸ் பஸ் நிற்கிறது" என்று டிக்கெட் விற்பார்கள். தாண்டிப் போனால் நிற்பது சாதா பஸ்; விற்றவர் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். அக்கரை டிக்கெட்டை அக்கரையில்தான் வாங்க வேண்டும், அதுவும் வண்டியைப் பார்த்த பிறகு.

இரண்டு, பணம். ஒரு இந்திய ரூபாய் 1.60 நேபாள ரூபாய், நிலையான மாற்று விகிதம். அங்கே பேச்சில் இந்தியப் பணம் ஐசி, நேபாளப் பணம் என்சி. கண்டக்டர் "ஐந்நூறு" என்றால் உடனே "ஐசியா, என்சியா?" என்று கேளுங்கள். 500 ஐசி என்பது 800 என்சி. கேட்காமல் இந்திய நோட்டை நீட்டினால் 300 என்சி போச்சு.

மூன்று, கடிகாரம். நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிஷம் முன்னால். எல்லையோரத்தில் போன் இந்திய டவரையே பிடித்துக்கொண்டு பழைய நேரம் காட்டும். ஏழு மணி பஸ் உங்கள் போனில் 6:45-க்கே போய்விடும்.

மார்ச் 5, புதன்

சுனௌலியிலிருந்து போக்ராவுக்கு இரண்டு வழி. புட்வல், பால்பா வழியாகப் போகும் சித்தார்த்த ராஜமார்க்கம் நெருங்கிய வழி, ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. நாராயண்காட், முக்லிங் வழி சுற்று. விரிவாக்க வேலை நடக்கிற இடங்களில் புழுதி வேறு. வயிற்றைப் புரட்டும் ஆட்கள் இரண்டாவதைப் பிடியுங்கள். "எந்த வழி?" என்று கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். பஸ் பலகையில் போக்ரா என்று மட்டும்தான் இருக்கும்.

மார்ச் 8, சனி

காத்மண்டு, போக்ரா. 200 கிலோமீட்டர், ஏழிலிருந்து பத்து மணி நேரம். முதல் கேள்வி நிஜமாகவே பொருந்துகிற துண்டு இதுதான்.

டூரிஸ்ட் பஸ் காத்மண்டுவில் பயணிகள் தங்கும் தமேலுக்குப் பக்கத்தில் சோர்ஹகுட்டேயிலிருந்து காலை ஏழு மணி வாக்கில் வரிசையாகக் கிளம்பும். லோக்கல் பஸ் கோங்கபு பஸ் பார்க்கிலிருந்து. இரண்டுக்கும் நடுவில் மைக்ரோ என்று சொல்லும் வேன். சோபா சீட் என்று ஒரு ஜாதியும் உண்டு: ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் ஒன்று என அகல சீட்.

சாதா டூரிஸ்ட் பஸ்ஸுக்கும் லோக்கலுக்கும் வித்தியாசம் 400 என்சி என்று வைத்துக்கொண்டாலும் அது 250 ஐசி. கன்னாட் பிளேஸில் ஒரு மசால் தோசைக்கும் காபிக்கும் கிட்டத்தட்ட அதுதான். இந்தத் துண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஏனென்றால் லோக்கல் பஸ் மெதுவாக ஓடுவதில்லை. ஓட்டுவதில் அதன் டிரைவர்தான் ராஜா. நேரம் போவது நிற்பதில். கோங்கபுவில் கிளம்பி, நகரின் மேற்கு வாசலான கலங்கியில் சீட் நிரம்பும்வரை நிற்கும். நிரம்பிய பிறகு நடைபாதையில் மூங்கில் முக்காலி போட்டு இன்னும் ஆள் ஏற்றுவார்கள். கலங்கியிலேயே ஏறினால் அந்தக் காத்திருப்பு மிச்சம், ஆனால் உங்களுக்கு வாய்ப்பது அந்த முக்காலியாக இருக்கலாம். அதற்கப்புறம் நாக்துங்கா இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் எல்லாரும் சமம். எத்தனை ரூபாய் டிக்கெட்டானாலும் அங்கே ஊர்ந்துதான் ஆக வேண்டும்.

சீட் தேர்வு: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில், நடுவில் உட்காருங்கள். பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சீசா பலகையின் நுனி மாதிரி. சக்கரம் ஒரு சாண் ஏறினால் கடைசி வரிசை அதைவிட அதிகம் எழும்பும். பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் உள்ள பஸ்ஸில் தலை மேல்தட்டில் இடிப்பதற்குக் காரணம் அதுதான். கடைசி வரிசை நடு சீட்டில் கால் நீட்டலாமே என்று ஆசைப்படாதீர்கள், பிரேக் அடித்தால் பிடித்துக்கொள்ள முன்னால் ஒன்றும் இல்லை. போக்ரா போகும்போது வலது பக்கம்: பனிமலை வடக்கில், அதாவது வலக்கையில். திரும்பும்போது இடது.

வழியில் மலேக்குவில் ஆற்று மீனை மசாலா தடவிப் பொரித்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். லோக்கல் பஸ் அந்த மாதிரி இடத்தில் நிறுத்தும். டூரிஸ்ட் பஸ் தன் வாடிக்கை ஓட்டலில்தான் நிறுத்தும், விலையும் அதற்கேற்ப. தால்பாத் எங்கே வாங்கினாலும் சாதமும் பருப்பும் திரும்பத் திரும்பப் போடுவார்கள். வளைவுச் சாலையில் இரண்டாம் தடவை கேட்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது.

மார்ச் 9, ஞாயிறு

பை. டூரிஸ்ட் பஸ்ஸில் டிக்கிக்குள் போகும். லோக்கலில் கூரைக்குப் போகும். கிழிவது பெரும்பாலும் கூரையில்தான். கண்டக்டர் பையின் தோள்வாரைப் பிடித்து ஒரே இழுப்பாக மேலே இழுப்பார். 15 கிலோ ஒரே தையலில் தொங்கும். மழை உறை கம்பியில் மாட்டிக் கிழியும். பக்கத்தில் டீசல் கேன், கோழிக்கூடை, சில நாள் ஆடே நிற்கும்.

இதற்கு நூறு டாலர் உறை வேண்டாம். 50 கிலோ உரமோ மாவோ வந்த பிளாஸ்டிக் நெசவுச் சாக்கு போதும், ரேஷன் கடைக்காரரிடமே கிடைக்கும். 50 லிட்டர் வரை உள்ள பை உள்ளே இறங்கும். முதலில் உள்ளே ஒரு தடிமனான குப்பைப் பை, அதற்குள் முதுகுப் பை. இடுப்பு வாரை முன்புறம் திருப்பிப் பூட்டுங்கள். சாக்கு வாயை முறுக்கி மடித்து, இரண்டு மீட்டர் நைலான் கயிற்றால் கட்டி, மிச்சக் கயிற்றில் கைப்பிடி போல ஒரு வளையம் விடுங்கள். கண்டக்டர் கை தானாக அந்த வளையத்தைத்தான் பிடிக்கும். சாக்கில் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். அந்தக் கூரையில் வேறு எவர் மூட்டையிலும் தமிழ் இருக்காது.

பாஸ்போர்ட், பணம், மாத்திரை, ஒரு ஸ்வெட்டர் இவை மட்டும் மடியில். டிக்கி கதவு திறக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஒரு பார்வை பாருங்கள்.

மார்ச் 12, புதன்

"ராத்திரி பஸ்ஸில் போனா ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம்தானே?" என்று ஒரு மாமி பையனுக்காகக் கேட்டார். நேபாள மலைச் சாலையில் வேண்டாம் மாமி.

2024 ஜூலை 12 அதிகாலை, நாராயண்காட்–முக்லிங் சாலையில் சிமல்தாலில் மலை சரிந்து இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றில் தள்ளியது. 60 பேருக்கு மேல் இருந்தார்கள். ஒன்று காத்மண்டுவிலிருந்து வந்தது, மற்றொன்று காத்மண்டு போய்க்கொண்டிருந்தது. சரிவுக்கு டீலக்ஸ், சாதா தெரியாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பகலிலும் ஒரு நாள் கூடுதலாக வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

வாந்தி மாத்திரை: வண்டி ஏறிய பிறகு போட்டால் பயனில்லை, குறைந்தது அரை மணி முன்னால். தூக்கம் வரும், அதனால் பை மடியில் கட்டியிருக்கட்டும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் புளியோதரை இருந்தால் எல்லை வரைக்கும்தான். மலை வளைவு ஆரம்பித்தபின் எண்ணெய் பளபளக்கும் சோற்றைத் திறக்காதீர்கள், பக்கத்து சீட்காரர் பாவம்.

மார்ச் 15, சனி

சியாப்ருபேசி, லாங்டாங் போகிறவர்களுக்கு. இங்கே பெரும்பாலும் லோக்கல் பஸ் அல்லது ஷேர் ஜீப்தான். கோங்கபுவுக்குப் பக்கத்தில் மச்சாபோக்கரியிலிருந்து காலையில் கிளம்பும். 120 கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம். வழியில் துஞ்சேயில் எல்லாரையும் இறக்கி ராணுவத்தினர் பையைப் பார்ப்பார்கள், தேசியப் பூங்கா சீட்டும் அங்கேதான். இதற்காகவே சாக்குக் கயிற்றை அவிழ்க்கச் சுலபமான முடிச்சாகப் போடுங்கள்.

ஜீப் வேகம், விலை கூட. ஆனால் பின்பெட்டியில் குறுக்கு சீட் என்றால் ஜீப்பைவிட பஸ்ஸே மேல். குறுக்கே உட்கார்ந்தால் வளைவில் தலை சுற்றுவது இரட்டிப்பாகும். ஜீப் எடுத்தால் நடு வரிசை ஜன்னல், அதற்கே பணம் கொடுங்கள்.

டிக்கெட் முந்தைய நாளே நேரில் போய் எடுங்கள், சீட் எண்ணை எழுதி வாங்குங்கள். திரும்பும்போதும் அதேதான். மலையிலிருந்து சியாப்ருபேசி வந்து இறங்கிய மாலையே, குளிப்பதற்கு முன்னால், மறுநாள் காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு மேல் போனால் கவுண்டர்காரர் கடைசி வரிசையைத்தான் காட்டுவார்.