சூப்பர் விசை எங்கே இருக்கிறது?

பெரியப்பாவுக்கு வயது 71. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்னார்குடி வீட்டுத் திண்ணையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர் போட்டு மனு அடித்துத் தருகிறார். திங்கட்கிழமைதோறும் திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள் என்பதால், ஞாயிறு மாலை அந்தத் திண்ணையில் உட்கார இடம் கிடைக்காது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு. மனுவுக்கு 30 ரூபாய். ஆளைப் பார்த்து அதுவும் வாங்க மாட்டார்.

கணினி 2014இல் வாங்கியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. 11ஐத் தாங்கும் வன்பொருள் அதில் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போன நான், "புதுக் கணினி எதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வீரம் பேசி, அன்று மாலையே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிவிட்டேன். அரை மணி நேர வேலை. பிரிண்டரைச் செருகியதும் மறுபேச்சில்லாமல் அச்சிட்டது. பதினெட்டு வருடமாகக் கட்டற்ற மென்பொருளுக்காக, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளுக்காக, ஊர் ஊராகப் பேசித் திரிந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமை மறுநாள் காலைக் காபி வரை நீடித்தது.

பெரியப்பா 1977இல் தமிழ்த் தட்டச்சு முதுநிலை தேறியவர். பழைய தட்டச்சுப்பொறியின் எழுத்து வரிசையைத் தவிர வேறெதுவும் அவருக்குப் பழக்கமில்லை. 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 எவ்வளவு சீரானது, உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் பத்து விரலையும் விரித்துக் காட்டி, "எனக்குப் புரிகிறது. இவற்றுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?" என்றார்.

தட்டச்சு வரிசை லினக்ஸிலும் உண்டு. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் என்ற தொகுப்பையும் சேர்த்து நிறுவ வேண்டும். அது என்ன பெயர் என்று கேட்டார். பன்மொழியாக்கம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்து எம், கடைசி எழுத்து என், இடையில் 17 எழுத்துகள் என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பெயரையே முழுதாக எழுதப் பொழுதில்லாதவர்கள் செய்ததா இது?"

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற 'சூப்பர் + ஸ்பேஸ்' அழுத்தவும் என்று தாளில் எழுதி வைத்துவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறினேன். பண்ருட்டி தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. "சூப்பர் எங்கேயடா இருக்கிறது? மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கட்டையாகப் படித்துவிட்டேன். கண்ட்ரோல் இருக்கிறது, ஆல்ட் இருக்கிறது, சூப்பர் இல்லை." எப்படி இருக்கும்? விண்டோஸ் சின்னம் போட்ட விசையைத்தான் நாங்கள் சூப்பர் என்கிறோம். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் லிஸ்ப் என்ற நிரல்மொழிக்காக உருவான கணினிகளுக்கென்று செய்த விசைப்பலகையில் சூப்பர் என்றே ஒரு விசை இருந்தது. அந்தப் பலகை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, பெயரை மட்டும் நாங்கள் விடவில்லை. போட்டியாளரின் சின்னத்தை அழுத்து என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம் வேறு. இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு 'சூப்பரை அழுத்துங்கள்' என்று எழுதியிருப்பேன்! அவர்களில் எத்தனை பேர் கேட்கத் தயங்கி அப்படியே மூடி வைத்தார்களோ.

அடுத்தது கோப்பு வடிவம். இதில் முழுப் பழியும் என்மேல். மனு அடிக்கும் லிப்ரெ ஆபீஸ் தானாக ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவத்தில் சேமிக்கும். அது 2006இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் யாரும் திறக்கலாம் என்று இதற்காகத் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். அதனால் மாற்றாமல் விட்டேன். பெரியப்பா ஓர் அம்மாவுக்கு மனு அடித்து, பார்த்துச் சரிசொல்லட்டும் என்று சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அவர் கைபேசியில் அது திறக்கவே இல்லை. "சாருக்கு வயதாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பஸ் நிலையத்துப் பக்கம் வேறு கடைக்குப் போய்விட்டார். இதைப் பெரியப்பா என்னிடம் சொல்லவில்லை. பெரியம்மா சொல்லித்தான் தெரியும்.

வேர்டு வடிவத்தில் சேமியுங்கள் என்று போனில் சொல்லிக்கொடுத்தேன். உடனே ஒரு பெட்டி எழுந்தது: தேர்ந்தெடுத்த வடிவத்தில் சேமிக்க முடியாத வடிவமைப்பு இந்த ஆவணத்தில் இருக்கலாம் என்று. கீழே இரண்டு பொத்தான்கள். "இருக்கலாம் என்றால்? இருக்கிறதா, இல்லையா? நான் அடித்ததே பதினெட்டு வரி" என்றார் பெரியப்பா. 35 வருடம் அரசு அலுவலகக் கடிதங்களை அடித்தவருக்கே இந்த வாசகம் மழுப்பலாகத் தோன்றுகிறது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதியவருக்கு அது நேர்மையான எச்சரிக்கைதான். பதினெட்டு வரி மனுவை அடித்துவிட்டு, எதிரே ஆளை உட்காரவைத்துக்கொண்டு படிப்பவருக்கு அது மிரட்டல். இனிமேல் கேட்காதே என்று சொல்ல அதே பெட்டியில் ஒரு கட்டம் இருக்கிறது. எப்போதும் வேர்டு வடிவத்திலேயே சேமி என்று சொல்லவும் அமைப்பு இருக்கிறது, நாலு அடுக்குக்குக் கீழே. தீபாவளியன்றே இரண்டு நிமிடத்தில் நான் செய்திருக்க வேண்டியது.

மெனுக்களைத் தமிழில் வைத்திருந்தேன். 'கோப்பு' அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆயுள் முழுக்கப் புழங்கிய சொல். 'தொகு' என்பதில்தான் வந்தது வினை. "எதைத் தொகுப்பது? தொகுப்பது என்றால் பல இடத்தில் கிடப்பதை ஒன்றுசேர்ப்பது. நான் ஒரு ஒற்றெழுத்தைச் சேர்க்கப் போகிறேன். திருத்து என்று போட்டால் குறைந்தா போய்விடும்?"

மெனுக்களைத் தமிழாக்கும் பேச்சில் இந்தச் சொல்லுக்காக ஒரு காலத்தில் தேநீர்க் கடையில் இரண்டு மணி நேரம் வாதாடியவன் நான். 'எடிட்' என்றால் திருத்துவது மட்டுமா, வெட்டுவது ஒட்டுவது எல்லாம் அதில் அடக்கம், விக்கிப்பீடியாவிலும் 'தொகு'தான் என்று அடுக்கினேன். மேசையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் நிரலர்கள். மனு அடிப்பவர், கணக்கு எழுதுபவர், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் ஒருவர்கூட இல்லை. பெரியப்பா சொன்னது முழுக்கச் சரி என்று இப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் அதே வீட்டில் பெரியம்மா பத்து வருடத்துக்கும் மேலாகக் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார். பேத்தியின் கல்யாண வீடியோவைப் பார்க்க ஆரஞ்சுக் கூம்பை அழுத்துவார். விஎல்சி. 1996இல் பாரிஸ் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் ஆரம்பித்த வேலை, 2001 முதல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. இந்தக் கதை எதுவும் பெரியம்மாவுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. என்ன வடிவம், யார் எடுத்தது என்று கூம்பு அவரைக் கேட்பதில்லை. அழுத்தினால் ஓடுகிறது. "அது போல இதையும் செய்ய வேண்டியதுதானே?" என்கிறார் என்னிடம், ஏதோ நான்தான் எல்லாவற்றையும் எழுதியவன் போல.

கொல்லையில் புடலைப் பந்தலில் ஒரு குறுந்தகடு தொங்குகிறது, கிளி விரட்ட. வெயிலில் பூச்சு உரிந்தும் பெயர் தெரிகிறது: உபுண்டு, இன்னொரு லினக்ஸ். கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்பினார்களே, 2011 வரை, அதில் ஒன்று. அண்ணனிடம் ஒரு கட்டு கொடுத்து நண்பர்களுக்குக் கொடு என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. யாராவது நிறுவினார்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பொங்கலுக்குப் போனபோது நான் எழுதி வைத்த தாளைக் காணவில்லை. அந்த இடத்தில் பெரியப்பாவின் கையெழுத்தில் வேறொரு தாள் ஒட்டியிருந்தது. 'எழுத்து ஆங்கிலமாக வந்தால் ஜன்னல் படம் போட்ட கட்டையும் நீளக் கட்டையும் சேர்த்து.' 'பிடிஎஃப் பொத்தான் மேலேயே உள்ளது, வாட்ஸ்அப்புக்கு அதையே அனுப்பவும்.' இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். கடைசி வரி: 'கேடயப் படத்தில் புள்ளி வந்தால் தொட வேண்டாம். கடவுச்சொல் கேட்கும்.'

கேடயம் என்பது புதுப்பிப்பு மேலாளர். திறந்து பார்த்தேன், மூன்று மாதப் புதுப்பிப்புகள் அப்படியே வரிசையில் நின்றன. ஏன் பெரியப்பா என்றேன். "யார் கேட்டாலும் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள் என்று வங்கியில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். இது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நிறுவு என்பதை அவரையே அழுத்தச் சொன்னேன். கடவுச்சொல் பெட்டி வந்தது. விசைப்பலகை மேல் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ இருக்கும்போது கொடுக்கலாம், இல்லையா?"