வெள்ளத்தில் சக துடுப்பாளரை மீட்பது

பெங்களூரிலிருந்து இயங்கும் ஒரு சாகசப் பயண நிறுவனத்தில் பாதுகாப்புக் கயாக்கராக வேலை பார்க்கிறேன். கோடையில் நீச்சல் குளத்தில் பயிற்சி வகுப்பு. மழைக்காலம் தொடங்கிவிட்டால் வெள்ளி இரவுகளில் வண்டியேறி, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் தென் குடகில் ஓடும் பாராபோளே ஆற்றுக்குப் போய்விடுவோம். விருந்தினர்கள் ராஃப்ட் எனும் காற்றடைத்த ரப்பர் படகில் வருவார்கள். நாங்கள் கயாக் எனும் ஒற்றை ஆள் துடுப்புப் படகுகளில் முன்னும் பின்னும் சென்று, தண்ணீரில் விழுபவர்களைப் பொறுக்கியெடுப்போம். விருந்தினரை மீட்பதைக் காட்டிலும் உடன் வேலை செய்பவரை மீட்பது கடினம் என்பது இந்த வேலையில் நான் கண்டறிந்தது.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாண்டேலியில் காளி ஆற்றின் மேற்பகுதியில் சூப்பா அணை இருப்பதால், அங்கே நீரின் அளவு பெரும்பாலும் மனிதர் கையில் இருக்கிறது. பிரம்மகிரி மலையில் பெய்யும் மழையை நம்பி மேற்கே கேரளத்தை நோக்கி இறங்கும் பாராபோளேயில் அந்த வசதி இல்லை. இரவு முழுவதும் மழை அடித்தால், முந்தைய நாள் அடையாளம் வைத்திருந்த பாறை மறுநாள் நீருக்குள் போயிருக்கும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பிச் சுழலும் அமைதியான இடத்தை நாங்கள் ‘எடி’ என்போம். கயாக்கை நிறுத்தி மூச்சுவாங்குவதும், அடுத்தவருக்காகக் காத்திருப்பதும் அங்கேதான். வெள்ளத்தில் இந்த எடிகள் பல அடித்துச் செல்லப்பட்டுவிடும், எஞ்சியவை கரையோர மரங்களுக்கிடையே ஒதுங்கும். கிளைகளின் ஊடே தண்ணீர் புகுந்து போகும், ஆள் போக முடியாது என்பதால் அந்த மரங்களே பாறையைவிட ஆபத்தானவை. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலின்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். தண்ணீர் சீறிப் பாயும் இடங்களைப் ‘பாய்ச்சல்’ என்போம்; இரண்டு பாய்ச்சல்களுக்கு நடுவே வழக்கமாகக் கிடைக்கும் அவகாசமும் சுருங்கிவிடுகிறது.

அத்தகைய ஒரு நாளில்தான் என்னுடன் வேலை செய்யும் இளைஞரின் கயாக் கவிழ்ந்தது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தண்ணீரை என்னைவிட நன்றாகப் படிப்பவர். பாறையைத் தாண்டி விழும் நீர் திரும்பி மடங்கும் குழியில் பக்கவாட்டில் சிக்கிக் கவிழ்ந்தார். ஒரு முறை ரோல் செய்து, அதாவது படகுக்குள் இருந்தபடியே புரண்டு நிமிர முயன்று, பாதிவரை எழுந்து மீண்டும் விழுந்தார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாவது முயற்சியும் பலிக்காத பிறகு கயாக்கின் வாயை இடுப்போடு மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் கைப்பிடியை இழுத்து வெளியே வந்தவர், ஒரு கையில் துடுப்பையும் மறு கையில் கயாக்கையும் பற்றிக்கொண்டு மிதந்தார். நான் நெருங்கியதும் அவர் சொன்னது, “அண்ணே, போட்டைப் பிடிங்க” என்பதுதான்.

விருந்தினராக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. காலையில் கரையில் நாம் சொல்லிக்கொடுத்தபடி அவர் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் உயர்த்தி, கூப்பிட்ட பக்கம் நீந்துவார். போட்டைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. தொழில் தெரிந்தவரோ தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியும் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையை மதித்து மீட்பவரும் சற்றுத் தயங்குகிறார். நல்ல தண்ணீரில் அந்தத் தயக்கம் மரியாதை. வெள்ளத்தில் அடுத்த பாய்ச்சலை நெருங்கவைக்கும் வினாடிகள்.

“போட்டை விடு தம்பி” என்று இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது. விட்டார். என் கயாக்கின் பின்முனையிலுள்ள பிடியைப் பற்றிக் கால்களை உதைத்தார். நான் முனையை ஓட்டத்துக்கு எதிராகச் சற்றுச் சாய்த்து இடக்கரையை நோக்கி நகர்ந்தேன். ஆளை இழுத்துக்கொண்டு கரையைத் தொடுவது இயலாது என்று புரிந்தபோது, கரையில் நின்ற மற்றொரு சகா விசில் ஊதி, மீட்புக் கயிறு அடைத்த பையை அந்த இளைஞரின் மார்புக்கு நேரே வீசினார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. தோளுக்கு மேலாக எடுத்து, மல்லாந்து, மார்போடு பிடிக்க வேண்டும். அவர் அப்படியே செய்தார். கயிறு இறுகியதும் ஓட்டமே அவரை ஊஞ்சலைப் போல வீசிக் கரையோரம் சேர்த்தது. கரையில் நிற்பவர் இடத்தைச் சரியாகத் தேர்ந்திருந்தால்தான் இது நடக்கும். கயிற்றின் வீச்சு முடியும் இடத்தில் மரம் இருந்தால், காப்பாற்றிய கயிறே ஆளை அதில் கொண்டு மாட்டிவிடும். பலரும் எறிவதையே பயிற்சி செய்கிறார்கள், நிற்பதற்கு இடம் பார்ப்பதை யாரும் பயிற்சி செய்வதில்லை.

கயாக் கீழே எங்கோ மரங்களில் சிக்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்த பிறகு கிடைத்தது. அதை ஏன் அவ்வளவு நேரம் விடவில்லை என்று அன்று மாலை கேட்டேன். “சம்பளத்துல பிடிப்பாங்களேண்ணே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்றாலும் அது வேடிக்கைப் பேச்சு அல்ல. விபத்து நடந்தால் நாங்கள் நிரப்பித் தர வேண்டிய அலுவலகப் படிவத்தில் முதல் கேள்வி, இழந்த உபகரணங்கள் எவை என்பதே. ஆளைப் பற்றிய கேள்வி அதற்குக் கீழே வருகிறது. படிவத்தை எழுதியவர் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் அதை ஒவ்வொரு மழைக்காலமும் நிரப்புகிறவர் கை எதைப் பற்றிக்கொள்ளும் என்பது ஆற்றில் தெரிகிறது.

இப்போது நீர்மட்டம் ஏறிய நாள்களில் இறங்குவதற்கு முன் எங்களுக்குள் பேசிவைத்துக்கொள்கிறோம். இரண்டு ரோல் தவறினால் மூன்றாவதற்குக் காத்திராமல், சைகையையும் எதிர்பாராமல், அருகிலிருப்பவர் சென்றுவிட வேண்டும். தண்ணீரில் கிடப்பவர் தன்னைவிட மூத்தவரானாலும் சரி. மூத்தவர்கள் சிலர் இதற்கு முகம் சுளித்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். வெள்ளத்தில் கைவிடப்பட்ட போட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை என்பதை மேலாளரிடம் எழுத்தில் வாங்குவதற்குத்தான் அதைவிட அதிக நாளாயிற்று.