காலைத் தேய்த்து நடப்பதற்கு உருதுவில் என்ன?

வாணியம்பாடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். உடல் அசைவும் நடையும் மெல்ல மெல்லத் தளர்ந்துபோகும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைத் தாளில் அச்சடித்துக் கொடுப்போம். அங்கே வரும் பெரியவர்கள் பலருக்கு வீட்டு மொழி உருது. தமிழ் நன்றாகவே பேசுவார்கள், படிக்கத்தான் சிரமம். உருதுவிலும் ஒரு தாள் போடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். உருது எழுத்து எனக்குத் தெரியாது. ஆங்கில வரிகளை செல்போனில் போட்டு, வந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற உருது ஆசிரியர் ஒருவர் மறுவாரம் அந்தத் தாளோடு வந்தார். "ஏம்மா, சீட்டுக் கலைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே? நான் சீட்டையே தொட்டதில்லையே" என்றார். கோபமில்லை, மனம் வருந்திக் கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

ஆங்கிலத் தாளில் இருந்த சொல் 'ஷஃபிள்'. பாதத்தைத் தூக்காமல் தரையில் தேய்த்து நடப்பதற்கும் அதுதான், சீட்டுக்கட்டைக் கலைப்பதற்கும் அதுதான். செல்போன் இரண்டாவதை எடுத்து 'பத்தே பேண்ட்னா' என்று போட்டுவிட்டது.

"சரி சார், இதுக்கு உருதுவில என்ன சொல்வீங்க?" என்று கேட்டு, நானே நான்கடி அப்படி நடந்து காட்டினேன். அவர் யோசிப்பதற்குள் அவர் மனைவி சொன்னார்: "பாவ் கஸீட்கோ சல்னா. வீட்டுல இவர் வர்றது செருப்புச் சத்தத்துலயே தெரியும்மா, சர்க்கு சர்க்குன்னு. வாசப்படிகிட்ட வந்தா சத்தம் நின்னுடும். கால் ஒட்டிக்கிட்ட மாதிரி நிப்பார்."

எந்த அகராதியும் இவ்வளவு சொல்லியிருக்காது. 'கஸீட்னா' என்றால் இழுப்பது. வாணியம்பாடிப் பேச்சில் 'கஸீட்கோ', எழுதும்போது 'கஸீட் கர்' என்று ஆசிரியர் திருத்தினார். ஆங்கிலத்தில் நடையின் தினுசு வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உருதுவிலோ இழுத்து என்று சொல்லி, அப்புறம் நடப்பது என்கிறார்கள். நாமும் அப்படித்தானே, தேய்த்து நடக்கிறார், சாய்ந்து நடக்கிறார் என்கிறோம்? உருதுவிலும் ஒரே சொல்லில் அடங்குகிற நடைகள் உண்டு: நொண்டுவதற்கு 'லங்டானா', தள்ளாடுவதற்கு 'லட்கடானா', காலாற உலாவுவதற்கு 'டஹல்னா'. உலாவலுக்கு 'செஹல் கத்மி' என்றும் ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு நேர்ப்பொருள் நாற்பது அடி. அவ்வளவு அழகான சொல்லைச் சொல்லித்தந்தவரால் வாசற்படி தாண்ட முடியவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

தரையில் ஓரடிக்கு ஒன்றாக வெள்ளை டேப் ஒட்டினேன். கண்ணுக்கு ஒரு கோடும் காதுக்கு ஒரு எண்ணிக்கையும் கிடைத்தால், உறைந்து நிற்கும் கால் பலருக்கு நகரும். "ஏக், தோ, தீன்" என்று அவர் மனைவி எண்ண, குதிகாலை முதலில் ஊன்றி ஒவ்வொரு கோடாகத் தாண்டினார்.

போவதற்குமுன் பேனா கேட்டு வாங்கி, தவறான வரியை அடித்துவிட்டு மேலே தன் கையால் எழுதினார். வலப்பக்கம் பெரிதாகத் தொடங்கிய எழுத்து இடப்பக்கம் போகப்போகச் சிறுத்து, கடைசிச் சொல் எள்ளளவாகிவிட்டது. அதுவும் இந்த நோயின் குணம்தான். அந்தக் கடைசிச் சொல்லை அவரிடமே எழுத்துக்கூட்டிக் கேட்டு, புதுத் தாளில் பெரிய எழுத்தில் போட்டோம்.