கோர் சுவிட்சைத் தொடாமல் ஒரு புது நெட்வொர்க்

விடுதிக் கட்டிடத்தில் புதிதாகக் கேமரா மாட்டுகிறார்கள், அதற்குத் தனி நெட்வொர்க் வேண்டும் என்று கேட்டால் முன்பெல்லாம் எனக்கு இரவு வேலை உறுதி. விடுதி சுவிட்சில் ஒரு விலான், அதாவது அதே சுவிட்சுகளுக்குள் தனியாகப் பிரிந்து ஓடும் ஒரு நெட்வொர்க், உருவாக்க வேண்டும். அங்கிருந்து சர்வர் அறை வரை வழியில் வரும் ஒவ்வொரு சுவிட்சிலும், சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒவ்வொரு ட்ரங்க் போர்ட்டிலும் அதையே சேர்க்க வேண்டும். ஓர் இடத்தில் விட்டுப்போனாலும் கேமரா தெரியாது. மொத்த வளாகமும் நடுவில் இருக்கும் கோர் சுவிட்சை நம்பி ஓடுவதால், பகலில் அதில் கைவைக்க யாரும் விடமாட்டார்கள்.

சுவிட்சுகளே குறுகிய பாதையைக் கண்டுபிடித்துக்கொள்ளும் ஷார்ட்டஸ்ட் பாத் பிரிட்ஜிங் முறைக்கு, சுருக்கமாக எஸ்பிபிக்கு, மாறிய பிறகு இதைப் பகலிலேயே செய்கிறேன். விடுதி சுவிட்சில் அந்த விலானை ஐ-சிட் என்ற சேவை அடையாள எண்ணோடு கட்டுகிறேன். சர்வர் அறை சுவிட்சிலும் அதே எண். அவ்வளவுதான். இடையில் இருக்கும் எதையும் தொடுவதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். விடுதியிலிருந்து கிளம்பும் ஃபிரேம், அதாவது தரவுப் பொட்டலம், அப்படியே இன்னொரு ஈதர்நெட் ஃபிரேமுக்குள் போகிறது. வெளித் தலைப்பில் கேமராவின் மேக் முகவரி, அதாவது அதன் வன்பொருள் முகவரி, இருக்காது. புறப்படும் சுவிட்ச், சேரும் சுவிட்ச் இரண்டின் முகவரியும் ஐ-சிட் எண்ணும்தான் இருக்கும். தபால் பையைக் கைமாற்றுபவர் பையின் சீட்டைத்தான் பார்ப்பார், உள்ளே இருக்கும் கடிதங்களை அல்ல. நடு சுவிட்சுகளும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான லேப்டாப், போன் முகவரிகளை அவை கற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஐ-சிட் 24 பிட் எண் என்பதால் சுமார் 1.6 கோடி சேவைகளைத் தனித்தனியாகப் பிரிக்கலாம். 12 பிட் விலான் எண்ணோ 4094-இல் முடிந்துவிடும்.

பாதையைக் கண்டுபிடிப்பது ஐஎஸ்-ஐஎஸ் என்ற ரூட்டிங் நெறிமுறை. எந்த சுவிட்ச் எதோடு இணைந்திருக்கிறது, எந்த ஐ-சிட்டில் யார் சேர்ந்திருக்கிறார் என்பதை எல்லா சுவிட்சுகளும் இதன் வழியாகத் தெரிந்துகொள்கின்றன. ஒரு சேவைக்குள் எல்லோருக்கும் சேரும் பிராட்காஸ்ட் போக வேண்டுமானால் அதற்கான, கிளை பிரியும் பாதை மரத்தையும் நடு சுவிட்சுகள் தாமாகவே கணக்கிட்டுக்கொள்ளும். போகும் பாதையும் திரும்பும் பாதையும் ஒன்றே. பழுது தேடும்போது இதன் அருமை தெரியும்.

எஸ்பிபிக்கு முந்தைய முறையான, ராடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கிய ஸ்பானிங் ட்ரீ மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஃபிரேம்கள் முடிவில்லாமல் சுற்றும் லூப் வராமல் இத்தனை ஆண்டுகள் ஈதர்நெட்டைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் அதற்காக அது மாற்று இணைப்புகளை அடைத்து வைக்கிறது. கட்டிடத்துக்குக் கட்டிடம் இரண்டு ஃபைபர் இழுத்துவிட்டு ஒன்றைச் சும்மா வைத்திருப்பதை என்னால் ஏற்கவே முடிந்ததில்லை. 2012-இல் ஐஇஇஇ 802.1ஏக்யூ என்று தரமாக வந்த எஸ்பிபியில் எல்லா இணைப்புகளும் வேலை செய்கின்றன. எதிர்பாராத திசையிலிருந்து ஃபிரேம் வந்தால், மூல முகவரியை வைத்து அதைத் தூக்கி எறிந்துவிடும், லூப் பெருகாது.

ரஷ்யாவின் சோச்சியில் நடந்த 2014 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு அவாயா நிறுவனம் அமைத்த நெட்வொர்க் இதன் மேல்தான் ஓடியது. வீரர்கள், செய்தியாளர்கள், ஊழியர்கள் எனப் பல தரப்பும் ஒரே கட்டமைப்பில் தனித்தனியாக இயங்கினார்கள். என் வளாகம் அதற்கு முன் மிகச் சிறியது. ஆனால் கேமரா, விருந்தினர் வைஃபை, கணக்குப் பிரிவு மூன்றும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்ற தேவை எங்களுக்கும் அதேதான். விருந்தினர் வைஃபைக்கு எந்தக் கட்டிடத்திலும் ரூட்டிங் வைக்காமல், ஐ-சிட் வழியாக நேராக ஃபயர்வாலுக்கே கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

மாற நினைப்பவர்கள் முதலில் எம்டியூவை, அதாவது ஓர் இணைப்பில் போகக்கூடிய ஃபிரேமின் உச்ச அளவை, பாருங்கள். வெளித் தலைப்பு 22 பைட் கூட்டும். சொந்த ஃபைபரில் வழக்கத்தைவிடப் பெரிய ஜம்போ ஃபிரேமைத் திறந்துவிட்டால் போதும். நடுவில் வாடகை இணைப்பு இருந்தால், அவ்வளவு பெரிய ஃபிரேம் அதில் போகுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, அப்புறம் ஒரு சுவிட்ச் ஜோடியில் தொடங்குங்கள்.