வெள்ளத்துக்கு விட்டுவைத்த புல்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் ஃபீனிக்ஸ் நகரை முதன்முதலில் விமான ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கண்ணுக்கெட்டிய வரை பழுப்பு நிறப் பாலை. நடுவில் பாசி படர்ந்த குளங்கள் மாதிரி திட்டுத் திட்டாகப் பச்சை. எல்லாம் கோல்ஃப் மைதானங்கள் என்றார் பக்கத்து இருக்கைக்காரர். வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட இல்லாத ஊர். குடத்தை வரிசையில் வைத்து லாரிக்குக் காத்திருந்து வளர்ந்தவன் நான். பந்தடிக்க இவ்வளவு தண்ணீரா என்று வயிறெரிந்தது.

வேலை பக்கத்து ஊரான டெம்பியில், வீடு இன்னொரு பக்கத்து ஊரான ஸ்காட்ஸ்டேலின் தென்பகுதியில். நாங்கள் வந்து இறங்கியது 2023 ஜூன் கடைசியில். அந்த ஜூலையை அரிசோனாக்காரர்களே இன்னும் மறக்கவில்லை: தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ், அல்லது அதற்கும் மேல். கத்திரி வெயிலையே பார்த்தவன் என்ற மிதப்பு இரண்டாம் நாளே இறங்கிவிட்டது. வெயில் இறங்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் வாகன நிறுத்தத்தின் தார்த்தரை, அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடு விடுமே, அப்படி விட்டுக்கொண்டிருந்தது.

குழந்தையை வெளியே கூட்டிப்போக அந்த நேரம்தான் வாய்த்தது. தெருவைக் கடந்து புல்வெளிப் பாதையில் இறங்கியதும், வித்தியாசம் முதலில் கணுக்காலில் தெரியும். தார் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பித் தருகிறது. புல்லோ, வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக விட்டுச் சூட்டையும் கூடவே அனுப்பிவிடுகிறது. திட்டிய வாயோடு தினமும் அங்கேதான் போய் நின்றோம்.

அந்தப் பாதையில் பழக்கமானவர் மாமா. உறவில்லை, இங்கே வயதில் மூத்த தமிழர் எல்லோரும் மாமாதான். வாரத்தில் மூன்று நாள் கோல்ஃப் ஆடுகிறவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "தம்பி, நீ நிக்கிற இடம் ஆறுப்பா" என்றார்.

உண்மைதான். அதன் பெயர் இந்தியன் பெண்ட் வாஷ். பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும் காட்டாறு. வெள்ளத்தைக் கடத்த இதன் வழியே கான்கிரீட் வாய்க்கால் கட்டலாம் என்று ராணுவப் பொறியாளர் படை யோசனை சொன்னது. ஊர்க்காரர்கள் ஒப்பவில்லை. 1972 ஜூனில் பெருவெள்ளம் வந்து ஊரைக் கலக்கியது. இன்று அதே தடத்தில் 11 மைல் நீளத்துக்குப் பூங்காக்கள், ஏரிகள், சைக்கிள் பாதை, நடுநடுவே கோல்ஃப் மைதானங்கள். தண்ணீர் வந்தால் மைதானம் முழுகும். வடிந்ததும் வண்டலை வாரிவிட்டு மறுபடி ஆடுவார்கள். யார் வீடும் போகாது. வெட்டவும் பராமரிக்கவும் ஆடுகிறவர்களின் கட்டணம் இருப்பதால் தடமும் தூர்ந்துபோகாது. கண்மாய்க்குள் பட்டா போட்டுக் கட்டடம் எழுப்பும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அடுத்த பருவமழையில் நேரிலேயே பார்த்தேன். சாயங்காலம் புழுதிச் சுவர் ஒன்று எழும்பி வந்தது, பின்னாலேயே முக்கால் மணி நேர மழை. காலையில் மைதானம் காபி நிற ஏரியாகக் கிடந்தது. கோல்ஃப் குழிகளில் நட்ட கொடிக்கம்புகளின் நுனி மட்டும் வெளியே, சுற்றி வாத்துகள். தாழ்வான சாலைக்குக் குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். தடுப்பைத் தாண்டி வண்டியை இறக்கி மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவு நம் தலையில். 1995இல் வந்த அந்தச் சட்டத்தை எல்லோரும் கூப்பிடுவது 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்' என்று!

அதற்காக எல்லாப் பச்சைக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வடக்கு ஸ்காட்ஸ்டேலில், வெள்ளத்துக்கும் நடைக்கும் உதவாமல், வேலிக்குள் வீட்டு விலையை ஏற்றுவதற்கென்றே விரிந்த மைதானங்கள் உண்டு. சுத்திகரித்த கழிவுநீர்தானே பாய்ச்சுகிறோம் என்பார்கள். பல மைதானங்களுக்கு அது உண்மை. ஆனால் அந்த நீரை இன்னும் சுத்தம் செய்து நிலத்தடியில் இறக்கிச் சேமிக்கவும் முடியும். அதே நகரம் அதையும் செய்கிறது. நகர எல்லைக்கு வெளியே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் மக்களுக்குப் போய்க்கொண்டிருந்த லாரித் தண்ணீர், வறட்சியைக் காரணம் காட்டி 2023 ஜனவரி முதல் தேதி நிறுத்தப்பட்டது. நாங்கள் வருவதற்கு ஆறு மாதம் முன்பு. லாரித் தண்ணீர் நின்றால் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்னால் ஜீரணிக்கவே முடியாதது அக்டோபர் விதைப்பு. கோடையைத் தாங்கும் பெர்முடா புல் குளிர்காலத்தில் பழுத்துத் தூங்கிவிடும், சாகாது. அது தூங்கக்கூடாதாம். ஒட்ட வெட்டி, மேலே குளிரிலும் பச்சையாக வளரும் ரை புல் விதையைத் தூவி, முளைக்கும் வரை ஒரு நாளைக்குப் பல தடவை தண்ணீர் தெளிக்கிறார்கள்.

மாமாவின் மைதானத்தையும் அதற்காக மூடிவிட்டார்கள். பொழுது போகாமல் எங்களோடு நடக்க வந்தார். "பழுப்புப் புல்லுலயும் பந்து உருளும்தானே மாமா?" என்றேன்.

"பந்து உருளும் தம்பி. டாலர்தான் உருளாது."