இழுப்பறையில் கிடந்த மூன்று கைபேசிகள்

சென்ற வாரம் மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தியபோது, பயன்படாத கைபேசிகள் மூன்றும், எந்தக் கருவிக்கு உரியவை என்றே நினைவில்லாத சார்ஜர்கள் சிலவும் அகப்பட்டன. ஒரு கைபேசியின் பின்மூடி உப்பியிருந்தது. லித்தியம் அயனி பேட்டரிக்குள் வாயு சேர்ந்தால் அப்படி ஆகும். அதை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் செய்யவோ கூடாது. வீட்டுக் குப்பையோடு போட்டால், குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பற்றவும் கூடும். என்றாவது உதவும் என்று நான் பத்திரப்படுத்தியிருந்தது இதைத்தான்.

2022இல் உலகெங்கும் சேர்ந்த மின்னணுக் கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன் என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. எஞ்சியது முழுவதும் குப்பைமேட்டுக்குப் போய்விடுவதில்லை. அதிலும் ஒரு பகுதியை யாரோ பிரித்தெடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் செம்புக்காக மின்கம்பிகளைத் திறந்தவெளியில் கொளுத்தும்போது பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து டையாக்சின் என்னும் நச்சு எழுகிறது. பழைய சுற்றுப் பலகைகளை (சர்க்யூட் போர்டு) தணலில் வாட்டி, பாகங்களை ஒட்டவைத்திருக்கும் உலோகப் பற்றாசை (சால்டர்) உருக்குபவரின் மூச்சில் ஈயம் கலக்கிறது. தங்கத்தைக் கரைத்தெடுத்த பின் மிஞ்சும் அமிலம் மண்ணில் கொட்டப்படுகிறது. ஆகவே பழைய கருவியை விற்றுவிட்டோம் என்பதாலேயே அது மறுசுழற்சிக்குப் போய்விட்டது என்று நிம்மதி கொள்வதற்கில்லை.

முறையான ஆலைகளில் நடப்பது வேறு. பேட்டரியை முதலில் கழற்றிவிட்டு, சுற்றுப் பலகைகளை நச்சுப்புகை வடிகட்டும் வசதியுள்ள உலையில் இடுகிறார்கள். உருகிய செம்பு தங்கத்தையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் தன்னுள் ஈர்த்துக்கொள்ள, பின்னர் அச்செம்பை மின்பகுப்பால், அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்தி, தூய்மையாக்கும்போது அவை வண்டலாக அடியில் தங்குகின்றன. டோக்கியோ 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்கு வேண்டிய சுமார் 32 கிலோ தங்கம், மக்கள் கொடுத்த பழைய கைபேசிகளிலிருந்தும் சிறு கருவிகளிலிருந்தும்தான் கிடைத்தது. எல்லாம் இப்படி மீண்டுவிடுவதும் இல்லை. ஒலிபெருக்கியின் காந்தத்திலுள்ள நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் பெரும்பாலும் தொலைந்தே போகின்றன. அதனால், பழுது நீக்கிப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்த்துவிட்டு மறுசுழற்சிக்கு அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பேட்டரி மாற்றியதும் ஒரு கைபேசி உயிர்பெற்றுவிட்டது. இன்னொன்றிலிருந்த தரவுகளை அழித்து, உப்பியதை மட்டும் தனியே சுட்டிக்காட்டி, இரண்டையும் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்தேன். சார்ஜர்களில் இரண்டைக் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.