தாம்பாளத்தில் உருண்ட சோயா மொச்சை

சென்ற மாதம், சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அரைக் கிலோ சோயா மொச்சையை ஊற வைத்து முளை கட்டினேன். இரண்டாம் நாள் துணியைப் பிரித்தபோது கெட்ட வாடை அடித்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்தபோது, தோல் முழுமையாக இருந்தவை வெள்ளை முளையை நீட்டியிருந்தன. தோல் கிழிந்தவையும் இரண்டாகப் பிளந்தவையும் கொழகொழத்துப் போய்த் தம்மோடு ஒட்டியிருந்தவற்றையும் கெடுத்திருந்தன. இந்தக் கேடு என் சமையலறையில் தொடங்கியதன்று, அறுவடைக் களத்திலேயே தொடங்கியது என்று எனக்கு உடனே தோன்றியதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் மாதத்தில், உடன் பணிபுரியும் தோழியின் குடும்ப நிலத்துக்குச் சென்றிருந்தேன். மத்தியப் பிரதேசத்தில், உஜ்ஜயினிக்கு அருகே உள்ள ஊர் அது. இலைகள் உதிர்ந்து காய்கள் பழுப்பேறிய செடிகளைக் காலைப் பனியின் ஈரம் இருக்கும்போதே அரிவாளால் அறுத்தார்கள். வெயில் ஏறிய பிறகு கை வைத்தால் காய் வெடித்து மணிகள் மண்ணில் சிதறிவிடும்.

தோழியின் தந்தை ஒரு மணியை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். காயோடு ஒட்டியிருந்த இடத்தில் கண் போன்ற ஒரு தழும்பு. அதையொட்டி, மெல்லிய தோலுக்கு அடியிலேயே முளைவேர் படுத்திருக்கிறது. பலமாக ஓர் அடி விழுந்தால் முதலில் சேதமாவது அதுதான். அதனால் விதைக்கான சோயாவை அடிக்கும்போது கதிரடிக்கும் இயந்திரத்தின் உருளையை நிமிடத்துக்கு 350 முதல் 400 சுற்றுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் சேமிப்பில் பூஞ்சணம் பிடிக்கும். மிகவும் காய்ந்துவிட்டாலோ சிறு அடிக்கும் மணி பிளந்துவிடும்.

நான் நெடுநேரம் நின்று பார்த்தது சுத்தம் செய்யும் வேலையைத்தான். அடித்த குவியலில் தோலும் தண்டும் மண்கட்டியும் களை விதையும் கலந்து கிடந்தன. தூற்றும்போது எடை குறைந்தவை காற்றோடு போய்விடும். பிறகு சலிக்கிறார்கள், மணியைவிடப் பெரியது மேல் சல்லடையில் தங்க, சிறியது கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் மணியின் எடையிலும் அளவிலுமே இருக்கும் மண்கட்டி இந்த இரண்டுக்கும் தப்பிவிடுகிறதே! அதற்காக அங்கே ஆளுயரத்தில் ஒரு தகரச் சாதனம் இருந்தது. நடுக் கம்பத்தைச் சுற்றிச் சுழல் படிக்கட்டுப் போல இறங்கும் சரிவு, மோட்டார் கிடையாது. மேலே கொட்டினால், உருண்டையான நல்ல மணிகள் வேகம் பிடித்து ஓரத்தைத் தாண்டி வெளிச் சரிவில் விழுகின்றன. பிளந்தவையும் கட்டிகளும் உருள முடியாமல் உள்பக்கமாகவே வழுக்கி இறங்குகின்றன. காற்றும் சல்லடையும் கண்டுபிடிக்காததை வடிவமே காட்டிக்கொடுப்பதைப் பார்க்க எனக்குச் சலிக்கவே இல்லை.

மணிகள் வெளியேறும் வாயின் கீழ்க் கோணிகளை மடித்துப் போட்டிருந்தார்கள். இளைஞர் ஒருவர் நிரம்பிய மூட்டையைத் தோளிலிருந்து தொப்பென்று போட்டபோது, அதுவரை மென்மையாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் கடிந்துகொண்டார். அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. இந்தியாவில் சான்று பெற்ற சோயா விதைக்குக் குறைந்தது 70 விழுக்காடு முளைப்புத் திறன் வேண்டும். வீசி எறியப்பட்ட மூட்டை வெளியே அப்படியேதான் இருக்கும், உள்ளே போன உயிரை யாரும் திருப்பித் தர முடியாது. உணவுக்குப் போகும் மணிக்கும் இது பொருந்தும். பிளந்த பருப்பில் எண்ணெய் காற்றுபட்டுச் சீக்கிரம் காறிவிடும். அந்த வாடை சோயாப் பாலிலும் தெரியும்.

சிங்கப்பூர்க் கடையில் நாம் வாங்குவது கப்பலேறி, பல கைகள் மாறி வந்தது; இங்கே ஈரக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே இப்போது காற்றுப்புகாத டப்பாவில் வைக்கிறேன். ஊற வைப்பதற்கு முன், அம்மாவின் பித்தளைத் தாம்பாளத்தை ஒரு பக்கம் சற்றே உயர்த்தி, ஒரு பிடி மொச்சையை மேலே விட்டு மெல்லத் தட்டுகிறேன். நல்லவை உருண்டோடிக் கீழே விரித்த துணியில் சேர்கின்றன. சென்ற வாரம் அரைக் கிலோவில் ஒரு கைப்பிடி அளவு தாம்பாளத்திலேயே தங்கிவிட்டது. அதில் ஒரு மண்கட்டியும் இருந்தது, மணியின் அதே நிறத்தில், அதே அளவில்.